ரிஸ்க் பார்த்து உள் ஆடிட் திட்டமிடுவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

உள் ஆடிட் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், கையில் போன வருட அட்டவணை இருக்கிறது, "இந்த வருஷம் ரிஸ்க் பேஸ்டா பண்ணிடுங்க" என்று மேலிருந்து ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இதில் முட்டி மோதிய காலத்தில் கிடைத்த விளக்கங்கள் எல்லாம் ரிஸ்க் என்றால் என்ன என்ற வரையறையோடு நின்றுவிடும். எந்தத் தாளை முதலில் எடுப்பது, யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது, எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தர மேலாண்மைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 9.2 பிரிவு உள் ஆடிட்டைத் "திட்டமிட்ட இடைவெளிகளில்" செய்யச் சொல்கிறது, அவ்வளவுதான். எல்லாத் துறையையும் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அட்டவணை போடும்போது மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: அந்தச் செயல்முறை எவ்வளவு முக்கியம், நிறுவனத்தைப் பாதிக்கும் மாற்றங்கள் என்ன, முந்தைய ஆடிட் என்ன காட்டியது. ஆடிட் செய்வதற்கான வழிகாட்டி ஐஎஸ்ஓ 19011, அதன் 2018 பதிப்பில் ரிஸ்க் அடிப்படையிலான அணுகுமுறை, அதாவது ரிஸ்க் அதிகமுள்ள இடத்தை அதிகம் பார்ப்பது, ஒரு தனிக் கொள்கையாகவே சேர்ந்துவிட்டது. ஆக நீங்கள் செய்யப்போவது புதுமை எதுவும் இல்லை. கேட்டிருப்பதைச் செய்கிறீர்கள்.

நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை போதும். மதிப்பெண் எல்லாம் போட்டு முடித்தபின் போன வருட அட்டவணையையும் இந்த வருட அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செயல்முறைக்கும் அதே நேரம், அதே மாதம், அதே அளவு சாம்பிள் என்றால் நீங்கள் ஒரு வண்ணக் கட்டம் வரைந்திருக்கிறீர்கள், ரிஸ்க் பார்க்கவில்லை.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

யாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதற்கு முன் இவை உங்கள் கையில் இருக்க வேண்டும்:

- செயல்முறைப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார் என்பதோடு
- கடைசி இரண்டு சுற்று உள் ஆடிட் அறிக்கைகளும், சான்றிதழ் தரும் அமைப்பு கடைசியாகக் கொடுத்த அறிக்கையும்
- இன்னும் மூடப்படாத என்சி-க்கள் (ஒரு தேவை மீறப்பட்டிருக்கிறது என்ற ஆடிட் பதிவுகள்), மூடியபின் திரும்ப வந்த என்சி-க்கள்
- வாடிக்கையாளர் புகார்கள், திரும்பி வந்த பொருள், ரிஜெக்ஷன் மற்றும் மறுவேலைக் கணக்கு
- கடந்த 12 மாதத்தில் நடந்த மாற்றங்கள்: புது இயந்திரம், புது சப்ளையர், மாறிய மென்பொருள், விலகிப்போன ஆட்கள், இடமாற்றம்
- ஏற்கெனவே இருக்கும் ரிஸ்க் பதிவேடு அல்லது எஃப்எம்இஏ (எது எப்படித் தவறலாம், தவறினால் என்ன ஆகும் என்ற ஆய்வுத் தாள்)
- கடைசி நிர்வாக மறுஆய்வுக் கூட்டக் குறிப்பு

இதில் மாற்றங்களின் பட்டியல் மட்டும் பெரும்பாலும் எங்கும் தயாராக இருக்காது. பராமரிப்பு, கொள்முதல், மனிதவளம், ஐடி ஆகிய நான்கு இடங்களில் தனித்தனியாகக் கேட்டு நீங்களேதான் தொகுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் என் அனுபவத்தில் மற்ற எந்தத் தாளையும்விட இதுதான் அதிகம் சொல்லும். ஒரு செயல்முறையை நன்கு தெரிந்த ஆள் போய்விட்டால் அதன் ஆவணங்கள் எல்லாம் பழையபடி அழகாகவே இருக்கும், வேலைதான் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி நடக்கத் தொடங்கும்.

சிறிய நிறுவனம் என்றால் இந்தச் சேகரிப்புக்கு ஒரு வாரம் வையுங்கள், கிளைகள் உள்ள இடம் என்றால் மூன்று வாரம். கேட்டவுடன் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நிறுவனத்தில் ரிஸ்க் பதிவேடே இல்லை என்றால் பதற வேண்டாம், ஐஎஸ்ஓ 9001 அப்படி ஒரு பதிவேட்டைக் கட்டாயம் ஆக்கவில்லை. ரிஸ்க்குகளைக் கண்டறிந்து நடவடிக்கை திட்டமிட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. "ரிஸ்க் ரெஜிஸ்டர் இல்லை" என்று என்சி எழுதும் புது ஆடிட்டர்கள் நிறையப் பேர் உண்டு. நிறுவனத்தின் சொந்த நடைமுறை ஆவணம் அதைக் கேட்டிருந்தால் ஒழிய அந்த என்சி நிற்காது.

2. எதை ஓர் அலகு என்று எடுப்பது

துறைவாரியாகப் பிரிக்காதீர்கள், பிரிவு எண்வாரியாகவும் பிரிக்காதீர்கள். ஆர்டர் ஏற்பது, வடிவமைப்பு மாற்றம், கொள்முதல், உள்வரும் பொருள் சோதனை, அளவுக்கருவிகள் பராமரிப்பு, பயிற்சி, புகார் கையாளுதல் என்று வேலை ஓடும் வழியில் பிரியுங்கள். பிரச்சினை பெரும்பாலும் ஒரு துறை இன்னொரு துறையிடம் கைமாற்றும் இடத்தில் இருக்கும், துறைவாரியாகப் போனால் இரண்டு ஆடிட்டிலும் அது நழுவிவிடும். பெரும்பாலான இடங்களுக்கு 12 முதல் 20 அலகு போதும். 40 வைத்தீர்கள் என்றால் மதிப்பெண் போடுவதிலேயே வருடம் ஓடிவிடும்.

3. அளவுகோலை எழுதுங்கள், பெருக்கலை நம்பாதீர்கள்

பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகள் எல்லாருக்கும் தெரியும். உள் ஆடிட் திட்டத்துக்கு இன்னும் மூன்று சேருங்கள்: சமீபத்தில் ஏதாவது மாறியதா, முந்தைய ஆடிட் எப்படி இருந்தது, கடைசியாக ஆழமாகப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

1 முதல் 5 வரை போதும். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதியே ஆக வேண்டும். பாதிப்பில் 5 என்றால் "பயன்படுத்துபவருக்குக் காயம் ஏற்படலாம் அல்லது சட்ட மீறல்", 3 என்றால் "வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்புவார்", 1 என்றால் "உள்ளேயே சரிசெய்துவிடலாம், வெளியே தெரியாது" என்கிற மாதிரி. இந்த வாக்கியங்கள் இல்லாமல் எண் மட்டும் கொடுத்தால் எல்லாரும் 3 போடுவார்கள். எல்லாச் செயல்முறைக்கும் நடுத்தர ரிஸ்க்குக்கான மஞ்சள் வண்ணம் வந்து நிற்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பொறி இருப்பது பெருக்கலில். எஃப்எம்இஏ பழக்கத்தில் பாதிப்பு, வாய்ப்பு, கண்டுபிடிக்கும் திறன் மூன்றையும் 10-க்கு மதிப்பிட்டு (கண்டுபிடிப்பது கடினமாக இருந்தால் அந்த எண் அதிகம்) பெருக்கி ஆர்பிஎன், அதாவது ரிஸ்க் முன்னுரிமை எண் என்று ஒன்றை எடுப்பார்கள். பாதிப்பு 10, வாய்ப்பு 2, கண்டுபிடிப்பு 3 என்றால் 60 வரும். பாதிப்பு 3, வாய்ப்பு 5, கண்டுபிடிப்பு 6 என்றால் 90. எண்ணை நம்பினால் ஆளைக் கொல்லக்கூடியது கீழே போய், கீறல் விழுந்த பெயின்ட் மேலே வந்துவிடும். வாகனத் துறையில் அமெரிக்க அமைப்பான ஏஐஏஜி, ஜெர்மன் அமைப்பான விடிஏ இரண்டும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட எஃப்எம்இஏ கையேட்டில் ஆர்பிஎன்னை விட்டுவிட்டு, பாதிப்புக்கு முதல் எடை கொடுக்கும் நடவடிக்கை முன்னுரிமை அட்டவணைக்கு மாறினார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு விதி போதும்: உங்கள் 1 முதல் 5 வரையான அளவில் பாதிப்பு 5 என்றால் மற்ற எண்கள் என்னவாக இருந்தாலும் அந்தச் செயல்முறை ரிஸ்க் உயர்ந்த வகைதான். இதை, மதிப்பெண் போடும் முறையை விளக்கும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டவணை போடும் நாளில் யாராவது "மொத்த மதிப்பெண் கம்மியாதானே இருக்கு" என்று பேரம் பேசுவார்கள்.

இன்னொன்று. கட்டுப்பாடுகள் (தவறைத் தடுக்கவோ பிடிக்கவோ வைத்திருக்கும் ஏற்பாடுகள்) எல்லாம் சரியாக வேலை செய்கின்றன என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் போடாதீர்கள். அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தானே ஆடிட்டே. கட்டுப்பாடு இல்லையென்றால் எவ்வளவு ரிஸ்க் என்பதை ஒரு நெடுவரிசையிலும், கட்டுப்பாட்டோடு எவ்வளவு என்பதை அடுத்த நெடுவரிசையிலும் போடுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் நிறுவனம் ஒரே ஒரு கட்டுப்பாட்டை நம்பிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆடிட்டில் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

4. தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போடாதீர்கள்

செயல்முறைப் பொறுப்பாளர், அந்த வேலையைக் கையால் செய்பவர் ஒருவர், அதன் விளைவை வாங்கிக்கொள்ளும் அடுத்த செயல்முறையிலிருந்து ஒருவர், நீங்கள். ஒரு செயல்முறைக்கு 30 முதல் 45 நிமிடம். எல்லாரும் முதலில் தாளில் தனித்தனியாக எண்ணை எழுதிவிட்டு அப்புறம்தான் காட்ட வேண்டும்; மேலாளர் முதலில் வாய் திறந்தால் மீதிப் பேர் அதையே சொல்வார்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் சராசரி எடுத்துவிடாதீர்கள். பொறுப்பாளர் 2 போட்டு, அடுத்த செயல்முறைக்காரர் 5 போட்டால் அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்த தகவல். ஏன் என்று கேட்டு, பதிலை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதுங்கள், ஆதாரம் எந்தத் தாளில் இருக்கிறது என்பதோடு. ஆதாரம் இல்லாத எண்ணை வெளி ஆடிட்டர் கேட்டால் நீங்கள்தான் முழிப்பீர்கள்.

முந்தைய ஆடிட்டில் என்சி அதிகம் வந்த துறையை ரிஸ்க் அதிகம் என்றும், ஒன்றும் வராத துறையைப் பத்திரமானது என்றும் எடுத்துக்கொள்வதும் வழக்கமான தவறு. ஒன்றும் வரவில்லை என்றால் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம், ஆடிட்டர் ஆழமாகப் போகாமலும் இருந்திருக்கலாம். பழைய அறிக்கையில் எத்தனை பதிவுகளைப் பார்த்தார்கள், எத்தனை பேரிடம் பேசினார்கள் என்று பாருங்கள்.

5. மதிப்பெண்ணை மணி நேரமாக மாற்றுங்கள்

செலவு என்றால் இங்கே பணத்தைவிட ஆள்நேரம்தான். நிர்வாகத்திடம் போகும் முன் முழுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். களத்தில் ஒரு மணி நேர ஆடிட் என்றால் தயாரிப்புக்கும் அறிக்கைக்கும் சேர்த்து இன்னும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆடிட்டருக்கு ஆகும், ஆடிட் ஆகும் பக்கத்தில் ஒருவரோ இருவரோ அதே நேரம் உட்கார வேண்டும், அது போக என்சி வந்தால் மூலகாரணம் தேடிச் சரிசெய்யும் நேரம். இந்தக் கடைசிச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, பின்னால் "ஆடிட்டால் வேலை கெடுகிறது" என்ற புகார் கிளம்புவது அதனால்தான்.

எடுத்துக்காட்டுக்கு, 14 செயல்முறை, வருடத்துக்கு களத்தில் 120 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டரை மணி. அதற்குப் பதில் முதலில் 18 மணியை எதிர்பாராத ஆடிட்டுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். மீதி 102. உயர்ந்த வகையில் உள்ள 4 செயல்முறைக்குத் தலா 14 மணி, அதாவது வருடத்தில் இரண்டு முறை ஏழேழு மணி: 56. நடுத்தரம் 6-க்குத் தலா 6 மணி: 36. குறைந்த வகை 4-இல் இந்த வருடம் இரண்டு மட்டும், தலா 5 மணி: 10. மீதி இரண்டு அடுத்த வருடம்.

ரிஸ்க் குறைவு என்பதற்காக ஒன்றை முழுவதுமாக விட்டுவிடக் கூடாது. அதிகபட்ச இடைவெளி என்று ஒன்றை எழுதி வையுங்கள், இரண்டு வருடம் என்பது நியாயமானது. உங்கள் துறைக்கான தரநிலையோ, வாடிக்கையாளர் ஒப்பந்தமோ, சான்றிதழ் அமைப்போ இதைவிடக் கடுமையாகக் கேட்டால் அதுதான் செல்லும். இப்படித் தனியாகக் கெடு சொல்லும் தரநிலைகள் உண்டு: வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949, தர மேலாண்மைச் செயல்முறைகள் எல்லாவற்றையும் மூன்று வருடக் காலத்துக்குள் ஆடிட் செய்து முடிக்கச் சொல்கிறது. உங்களுக்கு என்ன கெடு என்று பார்க்காமல் அட்டவணைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

மாதம் தேர்ந்தெடுப்பதும் ரிஸ்க் வேலைதான். வேலை குறைந்த மாதத்தில் ஆடிட் வைத்தால் எல்லாருக்கும் வசதி, எல்லாம் ஒழுங்காகவும் இருக்கும். உயர்ந்த வகைச் செயல்முறையின் இரண்டு சுற்றில் ஒன்றையாவது நெருக்கடி மாதத்தில், முடிந்தால் இரவு ஷிப்டில் வையுங்கள். முணுமுணுப்பார்கள், வைத்தே தீருங்கள்.

யார் போவது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். தன் வேலையைத் தானே ஆடிட் செய்யக் கூடாது. ஐந்தாறு பேர் உள்ள இடத்தில் இது பெரிய தலைவலி. ஆளை மாற்றி அனுப்புங்கள், அதுவும் முடியாவிட்டால் அந்த ஒரு செயல்முறைக்கு மட்டும் வெளியாளை வையுங்கள். அனுபவமுள்ள ஆடிட்டரை உயர்ந்த வகைக்கும், கற்றுக்கொள்பவரைக் குறைந்த வகைக்கும் அனுப்புங்கள்.

6. களத்தில் என்ன கேட்பது

பிரிவு எண்களைக் கேள்வியாக மாற்றிய செக்லிஸ்ட்டோடு போனால் இதுவரை செய்த எல்லாம் வீண். "அளவுக்கருவிகள் காலிபரேட் செய்யப்பட்டுள்ளனவா?" (சரியாக அளக்கின்றனவா என்று சோதித்தாயிற்றா) என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிச் சான்றிதழ்க் கோப்பை நீட்டுவார்கள், அழகாக இருக்கும், முடிந்தது. ரிஸ்க்கை முதலில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: "தவறாகக் காட்டும் கருவியால் அளந்த பொருள் வெளியே போய்விடலாம்." இப்போது கேள்விகள் தாமாக வரும். கடைசியாக எந்தக் கருவி காலிபரேஷனில் தோற்றது? அதற்கு முந்தைய காலிபரேஷனிலிருந்து அந்தக் கருவியால் எவற்றையெல்லாம் அளந்தீர்கள்? அவை இப்போது எங்கே? அதை முடிவு செய்தது யார், எங்கே பதிவு? ஐஎஸ்ஓ 9001 இதைக் கேட்கிறது, முந்தைய அளவீடுகள் செல்லுமா என்று தீர்மானிக்கச் சொல்கிறது, ஆனால் பல இடங்களில் கருவியைச் சரிசெய்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா, வழக்கமான ஆள் விடுப்பில் போனால் அப்போதும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. வழக்கமான ஆள் விடுப்பில் இருந்த தேதிகளை வாங்கி, அந்தத் தேதிப் பதிவுகளையே எடுத்துப் பாருங்கள்.

சாம்பிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "5 பதிவு பார்த்தோம், எல்லாம் சரி" என்ற வரி கிட்டத்தட்ட எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. பதிவுகளில் 10 சதவீதம் தவறு இருந்தால், குருட்டாக எடுத்த 5 பதிவிலும் ஒன்றுகூட மாட்டாமல் போக 59 சதவீதம் வாய்ப்பு உண்டு. 95 சதவீத உறுதியோடு குறைந்தது ஒன்றையாவது பிடிக்க 29 பதிவு பார்க்க வேண்டும். தவறு 5 சதவீதம்தான் என்றால் 59 பதிவு. எல்லா இடத்திலும் இவ்வளவு பார்க்க முடியாது, தேவையும் இல்லை. உயர்ந்த வகையில் மட்டும் இந்த எண்ணிக்கைக்குப் போங்கள், அல்லது குருட்டாக எடுக்காமல் மாற்றம் நடந்த வாரம், புது ஆள் சேர்ந்த மாதம், அவசர ஆர்டர் என்று தவறு ஒளிந்திருக்கக்கூடிய இடமாகப் பார்த்து எடுங்கள். இப்படித் தேடி எடுத்த சாம்பிளை வைத்து "மொத்தத்தில் இத்தனை சதவீதம் தவறு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்தக் கணக்கு குருட்டு சாம்பிளுக்குத்தான் பொருந்தும். சாம்பிளைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், அவர்கள் நீட்டும் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

7. அறிக்கை

என்ன தேவை, என்ன பார்த்தீர்கள், எங்கே இடைவெளி. இந்த மூன்றும் இல்லாமல் என்சி இல்லை. நான்காவதாக, "இதனால் என்ன ஆகலாம்" என்று ஒரு வரி சேருங்கள், அதைத்தான் நிர்வாகம் படிக்கும். ரிஸ்க் தெரிகிறது, ஆனால் எந்தத் தேவையும் மீறப்படவில்லை என்றால் அது அவதானிப்பு. அதை என்சி ஆக்கினால் முதல் கூட்டத்திலேயே உடைத்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான என்சி-க்கும் மதிப்பு இருக்காது.

அறிக்கை 5 வேலை நாளுக்குள் போய்விட வேண்டும். திருத்த நடவடிக்கைக்கான கெடுவையும் ரிஸ்க்கை வைத்தே கொடுங்கள். எல்லாவற்றுக்கும் 30 நாள் என்பது சோம்பல்: சந்தேகப் பொருளைத் தடுத்து வைப்பது அன்றே நடக்க வேண்டும், படிவத்தில் ஒரு நெடுவரிசை சேர்ப்பதற்கு இரண்டு மாதம்கூட ஆகட்டும்.

8. ஆடிட் முடிந்ததும் மதிப்பெண்ணுக்குத் திரும்புங்கள்

என்சி வந்தால் திட்டமிடும்போது கண்டறிந்த ரிஸ்க்குகளையும் தேவைப்பட்டால் புதுப்பிக்க வேண்டும் என்று 10.2 பிரிவு சொல்கிறது. இதற்குத் தனிக் கூட்டம் எதுவும் வேண்டாம். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து புகார்கள், மாற்றங்கள், மூடிய என்சி-க்கள் மூன்றையும் பாருங்கள், எண் மாற வேண்டுமானால் மாற்றி, தேதியும் காரணமும் எழுதுங்கள். எந்த நிகழ்வு நடந்தால் அட்டவணைக்குக் காத்திராமல் ஆடிட் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கி வையுங்கள்: பாதுகாப்பு தொடர்பான புகார், முக்கிய சப்ளையர் மாற்றம், ஒரே என்சி இரண்டாம் முறை வருவது. எடுத்து வைத்த அந்த 18 மணி இதற்குத்தான்.

வெளி ஆடிட்டர் வந்தால் பொதுவாகக் கேட்பது "இதற்கு ஏன் இந்த இடைவெளி?" என்பதைத்தான். ஒரு பக்க முறைக் குறிப்பு, மதிப்பெண் தாள், அட்டவணையும் அதன் மாற்ற வரலாறும், ஆடிட்டர்களின் தகுதிப் பதிவு, அறிக்கைகள், நடவடிக்கை நிலவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மென்பொருள் வாங்கலாமா என்று கேட்பீர்கள். முதல் வருடம் வேண்டாம், எக்செல் போதும். செயல்முறை, பொறுப்பாளர், ஐந்து மதிப்பெண்கள், கட்டுப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ரிஸ்க், வகை, ஆதாரம், கடைசி ஆடிட் தேதி, அடுத்த தேதி, மணி நேரம், மாற்றக் காரணம். இவ்வளவுதான் நெடுவரிசைகள். ஒரு முழுச் சுற்று ஓட்டியபின் எதைக் கையால் செய்யச் சிரமமாக இருந்தது என்று தெரிந்துவிடும், மென்பொருள் விற்க வருபவரிடம் கேட்க வேண்டியது அதை மட்டும்தான்.